நீத்த கனியும் நாடும் பறவையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரர் பிறந்தது சைத்திர மாத வளர்பிறைப் பதின்மூன்றாம் நாள். தமிழ்நாட்டுக் கணக்கில் அது பங்குனியிலோ சித்திரையிலோ அமையும். அதனை அடுத்து, ஆதிபகவன் கரும்பின் சாறு ஏற்று நெடுநோன்பை முடித்த அட்சய திருதியை வருகிறது. இரண்டு திருநாள்களும் இளவேனிற் பருவத்தின. வயலில் அறுவடை முடிந்து, வேம்பு பூத்து, மா காய்த்து நிற்கும் பருவம் அது. குயில் விடியுமுன் கூவத் தொடங்கும் பருவமும் அதுவே. அறத்தைப் பற்றிய இன்றைய உரை அந்தக் குயிலின் குரலிலிருந்து தொடங்குகிறது.

வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஏரி ஒன்று, சினாலயம் ஒன்று, அதனைச் சூழ இருபது, முப்பது சமணக் குடும்பங்கள். பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றவர்கள் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்புவர். அவ்வாறு திரும்பிய பிள்ளைகள் பகற்பொழுதெல்லாம் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதைக் கண்ட ஊர்ப் பெரியவர்கள், விலங்கியல் பயின்ற உறவினர் இளைஞர் ஒருவரை அழைத்து, விழாவுக்கு மறுநாட்காலை ஒரு பறவை நடைக்கு ஏற்பாடு செய்தனர். பழம் உண்டு வாழும் பாட்டுப் பறவைகளைக் காண்பதே நோக்கம். பிள்ளைகள் பன்னிருவர், பெற்றோர் சிலர், எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், திருப்பணிக் குழுவின் தலைவராகிய பெரியவர் ஒருவர் எனப் புறப்பட்டனர்.

புறப்படுமுன் இளைஞர் சில விதிகளைச் சொன்னார். கண்ணைப் பறிக்கும் நிறத்து ஆடை கூடாது. உரக்கப் பேசலாகாது. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதனை ஏமாற்றி வரவழைத்தல் கூடாது. கூடுகட்டும் காலத்தில் அது பறவையின் உழைப்பை வீணாக்கும். கூடு கண்ணிற்பட்டால் நின்று பாராமல் விலகிச் செல்ல வேண்டும். மரத்தின் அடியிற் செல்லும்போது மேலே மட்டும் பாராமல் கீழேயும் பார்த்து நடக்க வேண்டும்; உதிர்ந்த பழத்தை எறும்புகள் மொய்த்திருக்கும்.

இவற்றைக் கேட்ட பாட்டி சிரித்துக்கொண்டார். ‘இதையெல்லாம் முனிவர்கள் எப்போதோ சொல்லியாயிற்று, தம்பி’ என்றார். அவர் கூறியது உண்மை. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், நுகத்தடி அளவு தொலைவு நிலத்தை முன்னோக்கிப் பார்த்து, எவ்வுயிர்க்கும் ஊறு நேராமல் அடி வைத்தல் என்பது அதன் பொருள். இரண்டாவது பாஷா சமிதி. அளந்து, தீங்கின்றிப் பேசுதல். பறவை காண்பவர்க்கு முதலில் வேண்டப்படுவன இவ்விரண்டே. தொலைநோக்கி அதற்குப் பின்னர் வருவது.

முதலில் அவர்கள் நின்ற இடம் ஏரிக்கரை ஆலமரம். வேடந்தாங்கல் போன்ற நீர்நிலைகளில் கார்காலத்திலும் பனிக்காலத்திலும் வந்து கூடும் நீர்ப்பறவைகளைப் பலரும் பார்த்திருப்பர். ஊருக்குள்ளேயே ஆண்டு முழுதும் வாழும் பழந்தின்னிகளை நின்று பார்த்தவர் சிலரே. அன்று மரமெங்கும் சிவந்த ஆலம்பழம். பத்து நிமிடம் அசையாமல் நின்றபோது மரம் தானே பேசத் தொடங்கிற்று.

தலையிற் கரிய சிறு கொண்டையும் வாலடியிற் செந்நிறமும் உடைய சின்னான்கள் இணையிணையாக வந்தன. கொண்டைக்குருவி என்றும் அதனை அழைப்பர். புருவத்தில் வெண்கோடு தீட்டிய அதன் இனத்துப் பறவையொன்று புதருக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுத்தது. நாகணவாய்கள் சண்டையிட்டுக்கொண்டே உண்டன. பொன்னிற மாங்குயில் ஒன்று இலைமறைவில் மின்னி மறைந்தது. குளிர்காலத்தில் தென்னாடு வரும் மாங்குயில்கள் பலவும் வடக்கே திரும்பும் காலம் அது. நடு ஆசியப் புல்வெளிகளிலும் அதற்கு அப்பாலும் கூடமைக்கும் சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று, நெடும்பயணத்துக்கு உடலில் வலுச் சேர்ப்பதுபோல், அவசரம் அவசரமாகப் பழம் விழுங்கியது.

உச்சிக்கிளையில் ‘டொக், டொக்’ என்று செம்பு தட்டுவது போன்ற ஒலி ஓயாமல் எழுந்தது. அது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடலும் நெற்றியில் சிவப்பும் உடைய குருவியளவுப் பறவை. பட்டுப்போன கிளையைக் குடைந்து கூடமைக்கும். இளைஞர் இங்கே ஒரு நுட்பத்தைச் சொன்னார். குக்குறுவானும் குயிலும் பாடுவதாகக் காதுக்குத் தோன்றினாலும், பறவை நூலார் வகுத்த பாட்டுப் பறவை வரிசையில் அவை சேரா. சின்னானும் நாகணவாயும் மாங்குயிலும் சேரும். ‘குயிலைச் சேர்க்காத வரிசையும் ஒரு வரிசையா?’ என்று பாட்டி கேட்டதும், பிள்ளைகள் விதியை மறந்து நகைத்ததும் அன்றைய சுவைகளுள் ஒன்று.

அருகிருந்த மாமரத்திற் புல்லுருவி படர்ந்திருந்தது. அதன் பழத்தை நாடி வந்த பூங்கொத்தி, விரலளவே உள்ள சாம்பல்நிறச் சிறு பறவை. அப்பழத்தின் விதை பசைபோல் ஒட்டும் இயல்பினது. பறவையின் வயிற்றைக் கடந்த பின்னும் பசை நீங்காமையால் கிளையில் ஒட்டி அங்கேயே முளைக்கும். மண்ணில் விழுந்தால் வாழ இயலாத செடிக்கு வானிலிருந்து வழி செய்து கொடுக்கிறது அச்சிறு பறவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள், உயிர்கள் தம்முள் ஒன்றற்கொன்று துணை செய்வனவாம் என்னும் கருத்தை வைத்தார். அதற்கு உரை தேடுவார் ஒரு மாமரத்தடியில் நின்றாலும் போதும்.

கதிரவன் ஏறத் தொடங்கியபின் அவர்கள் சினாலயத்துக்குத் திரும்பினர். கோயிற் கிணற்றருகே முதிர்ந்த அத்திமரம் ஒன்று நின்றது. அத்தி தன் காய்களைக் கிளைநுனியில் தாங்குவதில்லை. அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகச் சுமக்கும். அதனால் குழந்தையின் கண்ணுக்கெட்டும் உயரத்திலேயே பறவை வந்து உண்பதைக் காணலாம். அந்த மரத்திற்கு ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. கோயிலுக்குப் புதிய சுற்றுமதில் எழுப்பத் திருப்பணிக் குழு முடிவு செய்திருந்தது. மரம் மதிலின் கோட்டில் நின்றது. உதிரும் பழத்தால் வளாகம் குப்பையாகிறது என்பது ஒரு குறை. நம்மவர் யாரும் அதன் கனியை உண்பதில்லை ஆகையால் அதனால் பயன் ஏதும் இல்லை என்பது மற்றொன்று. விழா முடிந்ததும் மரத்தை வெட்டுவதாக ஏற்பாடு. அதனைக் கூறி முடித்திருந்த பெரியவரே அன்று நடையில் உடன் வந்தவர்.

இளைஞர் பழுத்த அத்தி ஒன்றைப் பறித்து, உள்ளே இருப்பதைக் காட்டுவதற்காகப் பிளக்க முற்பட்டார். பாட்டி அவர் கையைப் பற்றித் தடுத்தார். ‘வேண்டாம் தம்பி. உள்ளே உயிர் இருக்கும்’ என்றார். இளைஞர் தலைவணங்கி அதனைக் கீழே வைத்துவிட்டு, குயில் கொத்தியதால் முன்னமே பிளந்து உதிர்ந்து கிடந்த பழமொன்றைச் சுட்டிக்காட்டி விளக்கினார்.

அத்தி பூத்தாற்போல என்பது நம் வழக்கு. அத்தியின் பூவை எவரும் காண்பதில்லை. உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை, உள்நோக்கிப் பூக்கிறது. காய்போல் தோன்றும் உருண்டையின் உட்சுவர் முழுதும் நுண்ணிய பூக்களே. நுனியில் ஊசித்துளை போன்ற ஒரு வாயில். குளவி இனத்தைச் சார்ந்த, கொசுவினும் சிறிய பெண்பூச்சி ஒன்று, தான் பிறந்த காயிலிருந்து மகரந்தத்தைச் சுமந்து அத்துளை வழியாக உட்புகும். நுழைகையில் அதன் சிறகு முறிவதும் உண்டு. உள்ளே பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே மாளும். அதன் குஞ்சுகள் உள்ளேயே வளர்ந்து கூடி, ஆண்பூச்சிகள் வழி குடைந்து கொடுக்க, பெண்பூச்சிகள் மகரந்தத்துடன் வெளியேறும். அதன் பின்னரே காய் கனியாகும். ஆலுக்கும் அரசுக்கும் இதுவே முறை. பெரும்பாலும் மர வகை ஒவ்வொன்றுக்கும் தனக்கேயுரிய பூச்சி ஒன்று உண்டு. மரமின்றிப் பூச்சி இல்லை. பூச்சியின்றி மரத்துக்கு விதை இல்லை.

இங்கே நினைவுகூரத் தக்கது இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்கள். கள், ஊன், தேன் ஆகிய மூன்றோடு ஐந்து உதும்பரக் கனிகளையும் விலக்குக என்று அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் வற்புறுத்துகிறார். ஆல், அரசு, அத்தி, இத்தி முதலாகிய அவ்வைந்தும் பால் வடியும் ஒரே குடும்பத்து மரங்கள். அவற்றின் கனிக்குள் இயங்கும் உயிர்கள் உள்ளன என்பதே விலக்குக்குக் காரணம். சாத்திரம் தாவரவியல் கற்பிக்க எழுந்ததன்று. உயிர் உண்டு, ஆகவே உண்ணற்க என்பதோடு அது நின்றது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அவ்வளவு கூர்ந்து பார்த்த கண்ணுக்கு இரக்கமே ஒளியாக இருந்தது.

இளைஞர் மேலும் ஒன்று கூறினார். அப்பூச்சியின் சிறகு முளைத்த வாழ்நாள் ஓரிரு நாள்களே. அது வெளிவரும்போது அருகே எங்கேனும் மற்றொரு மரம் இளங்காயோடு நின்றாக வேண்டும். இல்லையேல் பூச்சியின் வழி அற்றுப்போகும். அதனால் இவ்வினத்து மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஒன்று ஓயும்போது மற்றொன்று காய்க்கும். மாவும் நாவலும் இலந்தையும் தத்தம் மாதங்களில் கொடுத்து ஓய்ந்துவிடும் வறண்ட நாள்களிலும் எங்கோ ஓர் ஆலோ அத்தியோ பழுத்து நிற்கும். பழந்தின்னிப் பறவைகள் ஆண்டு முழுதும் உயிர் தாங்குவது அதனாலேதான். எந்தச் சிற்றுயிரின் பொருட்டு நம் முன்னோர் அக்கனியை நீத்தனரோ, அந்தச் சிற்றுயிரின் பொருட்டே அம்மரங்கள் முறை மாற்றிப் பழுக்கின்றன. அதனாலேயே பறவைக்குப் பந்தி நிறைகிறது.

அப்போது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: ‘அண்ணா, பூச்சி இருக்கிறது என்று நாம் இதைச் சாப்பிடுவதில்லை. சின்னான் சாப்பிடுகிறதே, அதற்குப் பாவம் இல்லையா?’

இளைஞர் மறைக்கவில்லை. சின்னான் பழத்தோடு பூச்சிகளையும் உண்ணும், தன் குஞ்சுகளுக்குப் புழுக்களை ஊட்டும் என்று கூறி, மீதிக்கு விடை சொல்லுமாறு பெரியவரை நோக்கினார். பெரியவர் சற்று நேரம் மரத்தையே பார்த்திருந்தார். பின்னர், ‘பறவைக்கும் வினை உண்டு, அம்மா. ஆனால் அதற்கு வேறு வழி தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தவருக்குத்தான் விரதம்’ என்றார். சிறுமி விடவில்லை. ‘அப்படியென்றால், நாம் சாப்பிடாமல் விட்ட பழம் அதற்கு. மரத்தை வெட்டிவிட்டால் அது எதைச் சாப்பிடும், தாத்தா?’ என்றாள்.

பெரியவர் விடை கூறவில்லை. அன்று மாலை திருப்பணிக் குழு கூடியபோது, மதிலின் கோட்டை ஆறடி உள்ளே தள்ளி வரையுமாறு அவரே கேட்டுக்கொண்டார். உதிரும் பழத்தைக் கூட்டி மரத்தடிக்கே உரமாக இடும் பொறுப்பைப் பாட்டியின் வீட்டார் ஏற்றனர். அத்தி இன்றும் நிற்கிறது.

சான்றோர்களே! அந்தச் சிறுமியின் கேள்விக்கு நூல்களிலும் விடை உண்டு. பறவை ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் என்பது சமணத் துணிபு. அறம் கேட்டு அணுவிரதம் ஏற்கும் தகுதியும் அதற்கு உண்டு. யசோதர காவியம் பயின்றவர் இதனை அறிவர். மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டதற்கே மன்னன் யசோதரனும் அவன் தாயும் பிறவி பல உழன்றனர். இறுதியில் கோழிகளாகப் பிறந்த நிலையில் முனிவர் உரைத்த அறத்தைக் கேட்டு விரதம் பூண்டே அவர்கள் மேற்பிறப்பை எய்தினர். உயிரற்ற மாவுருவிலும் கொலையெண்ணத்தைக் குற்றமாகக் கண்ட சமயம், உயிருள்ள பறவையின் உணவையும் உறையுளையும் பொருட்படுத்தாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரத்தில் ஆறு வழிப்போக்கர் கதை வருகிறது. கனி நிறைந்த மரத்தைக் கண்ட பசித்த அறுவருள் ஒருவன் வேரோடு சாய்க்க எண்ணினான். ஒருவன் அடிமரத்தையும், ஒருவன் பெருங்கிளையையும், ஒருவன் சிறுகிளையையும் வெட்ட எண்ணினான். ஐந்தாமவன் கனியை மட்டும் பறிக்க எண்ணினான்; ஆறாமவன் உதிர்ந்ததே போதும் என்றான். கிருட்டிணம் முதல் சுக்கிலம் வரையான ஆறு இலேசியைகளுக்கு அஃது எடுத்துக்காட்டு. அம்மரத்தை நாவலாக வரைந்து காட்டும் வழக்கும் உண்டு. அக்கதையில் வேரை வெட்ட நினைத்தவனுக்கேனும் பசி இருந்தது. பசியே இல்லாமல், கார் நிறுத்த இடம் வேண்டியும் இலையும் பழமும் உதிரும் தொல்லை நீங்க வேண்டியும் வேரோடு சாய்ப்பவனை எந்த வரிசையில் வைப்பது? ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

தமிழ்ச் சமணருட் பெரும்பாலோர் வழிவழி உழவர். ஆகவே அறத்தை வயலிலும் தோப்பிலும் கடைப்பிடிக்க வேண்டியவர். மாவும் கொய்யாவும் வைத்தவர்க்குப் பறவையால் இழப்பு உண்டு. அதனை இல்லையென மறுப்பதிற் பயனில்லை. எனினும் தளர்ந்து தொங்கும் மெல்லிய நைலான் வலையில் காலும் சிறகும் சிக்கிச் சின்னான்கள் வெயிலில் துடித்து மாளும் காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார். கனிகளைத் துணிப்பையாலோ தாளுறையாலோ மூடலாம். வலையே வேண்டுமெனின் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில், கண் நெருங்கிய வலையாக, இழுத்துக் கட்டி, நாள்தோறும் பார்வையிடலாம். வேலியோரத்தில் ஒரு தேன்பழ மரமோ அத்தியோ நின்றால் பறவைகளிற் பல அங்கே திரும்பிவிடும்.

கோயில்களில் மற்றோர் இடர் உண்டு. பறவை உண்ட ஆலும் அரசும் கோபுரத்து இடுக்கில் முளைத்து, வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். கோயிலைக் காப்பதும் கடமை. அம்முளைகளை அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுக்கொருமுறை மழைக்காலத்தில் அவை சிறு கன்றாக இருக்கும்போதே வேருடன் எடுத்து ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் நட்டால், கோபுரமும் நிற்கும், மரமும் வாழும். ஆதிபகவன் கேவல ஞானம் பெற்றது ஆலமரத்தின் கீழ். அனந்த தீர்த்தங்கரர்க்கு உரியது அரசு. அம்மரங்களின் கன்றை நடுதல் வழிபாட்டுக்குப் புறம்பானதன்று.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர சமணர் லால் மந்திரில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. பட்டத்தின் மாஞ்சாக் கயிற்றால் அறுபட்டனவும் மின்விசிறியில் அடிபட்டனவும் அங்கே கட்டணமின்றி மருத்துவம் பெறுகின்றன. அஃது அடிபட்ட பின் காட்டும் அருள். எல்லா ஊரிலும் மருத்துவமனை எழுப்புதல் இயலாது. அடிபடுமுன் காட்டும் அருள் எல்லா ஊருக்கும் இயலும். கோடையில் நிழலில் ஒரு தட்டு நீர், நாள்தோறும் கழுவி வைக்கப்பெறுவது. கோயில் வளாகத்தில் முதிர்ந்த மரம் ஒன்று, வெட்டப்படாமல் நிற்பது. ஆண்டுக்கொரு நாள் விழாவின் மறுநாட்காலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஒரு நடை.

விலக்கிய கனிகளின் பெயரை நம் இல்லங்களில் பாட்டியர் சொல்லித் தருகின்றனர். இனி அவற்றைச் சொல்லித் தரும்போது, அக்கனியை உண்ண வரும் பறவைகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தருக. உண்ணாமை விரதத்தின் ஒரு பாதி. உண்போர்க்கு அதனை விட்டுவைத்தல் மறுபாதி. இரண்டும் கூடிய இடத்தில்தான் கொல்லாமை நிறைவு பெறுகிறது.

அருகன் அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!